உப்புக் குறைந்த பாட்டில்கள்

சோளத்தட்டைப் போருக்குப் பின்னால் அக்பர் அலி குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

கிணற்று மேட்டில் ஆறு கண்ணாடி பாட்டில்கள் இருந்தன. நான்கு நிரம்பியிருந்தன, இரண்டு காலி. எல்லாம் அவன் வைத்தவை.

அவற்றில் யாரோ கைவைக்கிறார்கள். அந்தக் கையைப் பிடித்துவிடுவது என்றுதான், சனிக்கிழமை வரவேண்டியவன் வியாழக்கிழமையே திண்டுக்கல் வீட்டிலிருந்து இருட்டோடு சைக்கிளை மிதித்து வந்திருந்தான்.

1962ஆம் வருஷத்துப் பங்குனி. மதுரையில் அவனுக்கு எம்.எஸ்ஸி. கடைசி வருஷம். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுநீரால் பக்கத்துக் கிணறுகளில் எவ்வளவு உப்பு ஏறுகிறது என்பதுதான் அவன் ஆராய்ச்சி. கிணற்றுக்காரி ஜக்கம்மாள் தினமும் காலையில் ஒரு பாட்டில் நிரப்பி வைப்பாள். வாரக் கடைசியில் அவன் வந்து எடுத்துப்போவான்.

முதல் நான்கு வாரம் தண்ணீர் கரித்தது. ஐந்தாவது வாரம் சட்டென்று உப்பு இறங்கியது. அதற்கடுத்த இரண்டு வாரமும் தாராளமாகக் குடிக்கலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

"ஒண்ணு உனக்கு டெஸ்ட் பண்ணத் தெரியலை. இல்லேன்னா பொய் எழுதுறே" என்று பேராசிரியர் நோட்டை மேஜையில் போட்டார். சரியான கணக்கைக் கொண்டுவர ஒரு மாதம் தவணை கொடுத்தார்.

அன்றோடு தூக்கம் போயிற்று. பேராசிரியர் மேல் சந்தேகம், அறைத்தோழன் மேல் சந்தேகம், தன் கண் மேலேயே சந்தேகம். கடைசியில் எல்லாம் மாமுவிடம் வந்து நின்றது.

கிணற்றுக்கு மேற்கே இருக்கும் தோல் ஷாப் அவனுடைய தாய்மாமனுடையது. "நம்ம சோத்துல நீயே மண்ணள்ளிப் போடப் போறியாடா?" என்று பெருநாளன்று பிரியாணித் தட்டின் முன்னால் கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவன் எத்தனை தடவை மனதுக்குள் புரட்டிப் பார்த்திருப்பான்!

மேற்கே செருப்புச் சத்தம் கேட்டது.

ஷாப் மேஸ்திரி முனியப்பன். நேராகக் கிணற்றைப் பார்த்து வந்துகொண்டிருந்தான்.

அக்பர் அலி போரோடு இன்னும் ஒண்டிக்கொண்டான். இவனேதான். மாமு அனுப்பியிருக்கிறார். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். பட்டம் போயிற்று, இனி ஷாப்பில் தோல் எண்ணத்தான் போகவேண்டும்... ஒன்றை ஒன்று பிடித்துத் தள்ளிக்கொண்டு எண்ணங்கள் ஓடின.

இதற்கென்று அவன் ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பரிசோதனைக் கூடத்தில் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, மஞ்சள் நீர் செங்கல் நிறத்துக்கு மாறும் அந்த ஒரு சொட்டுக்காகக் கண்ணெடுக்காமல் நிற்பான். அந்த நேரத்தில் நேற்று இல்லை, நாளையும் இல்லை. மனம் கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடும்போதெல்லாம் அப்படித்தான், எதிரே இருப்பதைப் பார்ப்பான். நினைக்கமாட்டான், பார்க்க மட்டும் செய்வான்.

பார்த்தான்.

முனியப்பனின் கைகள். அவற்றில் ஒன்றுமில்லை. குனிந்து வாளியில் கிடந்த தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டான். வாய் கொப்பளித்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு, த்தூ என்று துப்பினான். துண்டால் துடைத்தபடி வந்த வழியே போய்விட்டான். பாட்டில்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அப்படியானால் கிணறு இன்னும் கரிக்கிறது.

இதை நினைத்து முடிப்பதற்குள் ஜக்கம்மாள் வந்தாள். வீட்டுப் பக்கமிருந்து வரவில்லை, வண்டிப்பாதைப் பக்கமிருந்து வந்தாள். இடுப்பில் குடம். முழங்கால் வரைக்கும் செம்மண் புழுதி. ஓடைக்கு இந்தப் பக்கம் முழுக்கக் கரிசல் மண்தான்.

அவள் வாளியைத் தொடவில்லை. ஐந்தாவது பாட்டிலை எடுத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடத்திலிருந்து சாய்த்து நிரப்பினாள்.

அக்பர் அலி எழுந்து வெளியே வந்தான்.

"யார் சொல்லி இதச் செய்றீங்க அக்கா? எங்க மாமுவா?"

ஜக்கம்மாள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவன்தான் என்று தெரிந்ததும் சிரித்தாள்.

"எவுக சொல்லணும்? தண்ணி பரிச்சைக்குப் போகுதுன்னு நீங்கதான தம்பி சொன்னீக. தண்ணி எப்படின்னு கேட்டா ரொம்ப மோசம்னீக. மொகமெல்லாம் வாடிப்போயி வாரீக. இந்த உப்பத் தண்ணியக் குடுத்து விட்டா எப்படிப் பாசாவீக? அதான் ஓடைக்கு அங்கிட்டுப் போயி நல்ல தண்ணியா எடுத்தாரேன்."

ஓடைக்கு அங்கிட்டு என்றால் போக ஒரு மைல், வர ஒரு மைல். மூன்று வாரத்துக்கு மேலாக, தினமும்.

மாமுவை நினைத்துக் கூசினான். கூடவே, எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரிப்பும் வந்தது.

"அக்கா, எனக்கு வேண்டியதே இந்த உப்புதான். உப்பு ஏறியிருக்குன்னு காட்டினாத்தான் நான் எழுதினது சரி. அப்பத்தான் பாஸ்."

ஜக்கம்மாள் சிரிப்பை நிறுத்தினாள். கிணற்றுக்குக் கீழே, பூப்பூத்தும் காய் பிடிக்காமல் வெளிறி நின்ற கத்தரிச் செடிகளைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். இந்த இரண்டு மாதத்தில் அவனை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை.

குடத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அப்ப, எங்க கெணறு கெட்டுப்போனாத்தான் நீங்க பாஸா தம்பி?"