நிறுத்தினால் கோபிக்கும் மெஷின்

“வாங்க, வாங்க! நீங்க நாலாவது ஆள். உங்களாலயும் முடியலைன்னா இது இன்னிக்கே பழைய இரும்பு விலைக்குப் போயிடும்.”

பட்டறைக்காரம்மா சொல்லிக்கொண்டே ஷட்டரை முழுக்கத் தூக்கினாள். வெளியே நின்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். கிரீஸ் படிந்த சட்டை, பின்பாக்கெட்டில் ஒரு ஸ்பானர்.

“அம்மா, நான் வந்தது…”

“எதுக்கு வந்தீங்கன்னு தெரியும். முன்னாடி வந்த மூணு பேரும் மோட்டார் போச்சு, கேபிள் போச்சு, டிரைவே போச்சுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நீங்க முதல்ல பாருங்க, பேச்சு அப்புறம்.”

உள்ளே இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷின் பக்கத்தில் அவள் தம்பி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான், நோயாளிக்குத் துணை இருப்பவன் மாதிரி. அவன் பேச்சைக் கேட்டுத்தான் அக்கா இந்தப் பழைய மெஷினை வாங்கினாள். இதை நம்பித்தான் அவன் கம்பெனி வேலையை உதறினான். மெஷின் போனால், சண்டை போட்டுவிட்டு வந்த அதே சூப்பர்வைசர் முன்னால் போய்க் கைகட்டி நிற்கவேண்டும்.

வந்தவர் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “எத்தனை நாளா ஓடாம கிடக்கு?”

“ஓடறதுக்கு என்ன சார், ஜம்முன்னு ஓடுது” என்றான் தம்பி.

அவர் திடுக்கிட்டார். “ஓடுதா?”

“ஓடும். நிறுத்தினாத்தான் கோபம் வந்துடும்.”

“போட்டுக் காட்டுங்க.”

தம்பி பட்டனை அழுத்தினான். கனமான கட்டர் சீராகச் சுழன்றது. நிறுத்தும் பட்டனை அழுத்தியதும், மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் பெட்டி ‘டிக்’ என்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. கட்டர் யார் பேச்சையும் கேட்காமல் தானாகச் சுற்றி ஓய்ந்தது.

“அவ்வளவுதான். இனி பத்து நிமிஷம் மூச்சு பேச்சு இருக்காது. ஒரு சாமான் முடிக்க இருபது தடவை நிறுத்தணும். எங்க போய்ச் சொல்ல!”

வந்தவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டார். “மெயினை அணைங்க.”

அணைத்த பிறகும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பட்டறைக்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “என்னங்க, இதுக்கு நல்ல நேரம் வேற பாக்கணுமா?”

“அணைச்சாலும் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர் அஞ்சு நிமிஷத்துக்குக் கரன்ட்டைப் பிடிச்சு வச்சிருக்கும்மா. அவசரப்பட்டுக் கை வச்சா மெஷினுக்கு முன்னாடி நாம நின்னுடுவோம்.”

தம்பி சிரித்துவிட்டான். மூன்று நாளில் அவன் முதல் சிரிப்பு.

ஐந்து நிமிஷம் கழித்து டிரைவ் பெட்டியின் மூடியைக் கழற்றியவர் விரலால் காட்டினார். “மத்த திருகெல்லாம் தூசி பிடிச்சிருக்கு. இந்த ரெண்டு மட்டும் பளபளன்னு கீறியிருக்கு, பாருங்க. இங்கிருந்து ஒயர் போயிருக்கு.” மெஷினின் பின்பக்கம் போய்க் குனிந்தார். அங்கே நாலு ஓட்டைகள். நடுவில் பெயின்ட் மங்காத ஒரு சதுரம். “இங்க ஒரு பெட்டி இருந்திருக்கு. வித்தவங்க எதுக்குன்னு தெரியாம கழட்டிட்டாங்க.”

“அது இல்லாம ஓடுதே சார்?”

“ஓடறதுக்கு அது வேண்டாம், நிக்கத்தான் வேணும். ஓடற பஸ்ல சடன் பிரேக் போட்டா என்ன ஆகும்? பின்னாடி நிக்கறவங்க டிரைவர் மேல வந்து விழுவாங்க. அதே மாதிரி, இந்தக் கட்டரை நில்லுன்னு சொன்னா, அதுல மிச்சமிருக்கிற வேகமெல்லாம் கரன்ட்டா மாறித் திரும்பி டிரைவ் மேல வந்து விழுது. அதை வாங்கிச் சூடாக்கித் தீர்க்கத்தான் அந்த ரெசிஸ்டர் பெட்டி. இப்ப அது இல்லை. டிரைவ் பயந்து கதவைச் சாத்திக்குது. அது கெட்டுப்போகலை தம்பி, தன்னைக் காப்பாத்திக்குது.”

மூடியைப் போட்டு மெயினைக் கொடுத்தார். டிரைவின் சின்னத் திரையில் எண்களைத் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். “இதோ. ஒரே செகண்ட்ல நில்லுன்னு எழுதி வச்சிருக்காங்க. இவ்வளவு கனத்துக்கு அது நியாயமா?”

ஒன்று, பத்து ஆனது. “வேற பெட்டி கிடைக்கிற வரைக்கும் நிதானமா நிக்கட்டும். இப்பப் போடுங்க.”

கட்டர் சுழன்றது. தம்பி நிறுத்தும் பட்டனை அழுத்தினான். ரீங்காரம் இறங்கியது, இன்னும் இறங்கியது, கட்டர் சாதுவாக நின்றது. சிவப்பு விளக்கு எரியவில்லை. நம்பாமல் மறுபடி அழுத்தினான். எட்டாவது முறை அழுத்தும்போது அவன் கண் கலங்கியிருந்தது.

“மூணு பேர் இதைத் திட்டிட்டுப் போனாங்க” என்றாள் அக்கா. “நீங்க ஒருத்தர்தான் எப்ப வலிக்குதுன்னு பார்த்தீங்க. எங்க கத்துக்கிட்டீங்க இதெல்லாம்?”

“பிரிச்சுப் பிரிச்சுத்தாம்மா. நான் பிரிச்சதுல பாதி நல்லா இருந்த சாமான். பிரிச்ச பிறகுதான் அது தெரிஞ்சுது.” மெஷினை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு வாசலுக்கு நடந்தார்.

அவள் செல்போன் அடித்தது. “அக்கா, மெக்கானிக் பேசறேன். மன்னிச்சுக்குங்க, வழியில வண்டி பஞ்சர். நாளைக்குக் காலையில வந்து பாக்கட்டுமா?”

அவள் போனும் கையுமாகத் திரும்பினாள். வாசலில் ஒரு கிரேன் லாரி பின்பக்கமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர் இரண்டு கைகளையும் ஆட்டி அதைத் தடுத்துக்கொண்டிருந்தார்: “வராதேப்பா, வண்டியைத் திருப்பு! காலையில போன்ல இரும்பு கிடக்கு, எடைக்கு எடுத்துக்குங்கன்னு சொன்னாங்க. வந்து பார்த்தா மெஷினா இருக்கு!”