பிடிக்குள் இருந்த பொட்டு

ஆயுதபூஜைக்கு வீட்டு அரிவாள், மண்வெட்டி எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துச் சந்தனப் பொட்டு வைப்பது கருத்தம்மாவின் மாமனார் வேலை. குரங்கணி எஸ்டேட் துரை கொடுத்த ஜப்பான் குறுவாளுக்கும் உண்டு. ஏலத்தோட்டத்தில் மாமனாரின் கட்டைவிரலில் குறுக்கே பட்ட வெட்டுத் தழும்பு, அவர் வைக்கும் பொட்டிலும் கோடாக விழும். அவர் செத்த பிறகு வாள் பீரோவிலேயே கிடந்தது.

கருத்தம்மா அதை விற்க நினைத்தாள். விலை மதிக்கப் போடிக்கு வந்தவர், பிடிக்குள் இருக்கும் துருதான் வாளின் வயதைச் சொல்லும் என்றார். இறுகிப்போன மூங்கில் ஆணியைத் தட்டித் தட்டிப் பிடியைக் கழற்றினார்.

உள்ளே இரும்பு பளபளத்தது. புளி வாசம் அடித்தது. நடுவில் ஈரச் சந்தனப் பொட்டு.

"நேத்துத் தேய்ச்சு வச்சுட்டு, பழசுன்னு ஏமாத்துறீங்களாம்மா?"

கருத்தம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாரைப் பாத்துய்யா ஏமாத்துறேங்கிற? பிடி கழலும்னே எனக்கு இப்பத்தேன் தெரியும்!" முந்தானையால் பொட்டை அழுந்தத் துடைத்தாள். "நீயே மூடு. நீயே தெற."

அவர் பிடியை மாட்டி ஆணியை அடித்தார். மறுபடி கழற்றினார்.

பொட்டு ஈரமாக இருந்தது. அதன் குறுக்கே ஒரு கோடு.

கருத்தம்மா சுவரில் மாலை போட்டிருந்த மாமனார் படத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"விக்க வேணாம்னா வெரசாச் சொல்ல வேண்டியதுதானே மாமா! அசலூர்க்காரன் முன்னால என்னையக் களவாணி ஆக்கணுமா?"