ஊர்வலம் போன சைலன்சர்

டர்போ என்ஜின் வைத்த சிவப்புக் கார் ஒன்றுக்குக் அண்டா போல வாய் அகன்ற புதுச் சைலன்சரை மாட்டினார்கள். அன்று முதல் சைலன்சருக்குத் தலைகால் புரியவில்லை. தெருநாய்கள் குரைத்தால்கூடத் தன்னை வாழ்த்துவதாகவே எடுத்துக்கொண்டது.

டாங்குக்குள் கிடந்த பழைய பெட்ரோல் பம்ப் கெஞ்சியது. "அண்ணே, நீங்க வந்ததுலேர்ந்து டர்போ வேகமாச் சுத்துது, என்ஜின் கூடுதலாக் குடிக்குது. அவ்வளவு பெட்ரோலை என்னால இறைக்க முடியல. கொஞ்சம் அடக்கி ஊதுங்க."

"இருட்டுல கிடக்குற உனக்கு என் அருமை எங்கடா தெரியும்?" என்று சைலன்சர் இன்னும் பலமாக உறுமியது.

மறுநாள் நெடுஞ்சாலையில் இன்னொரு காரோடு போட்டி. மிதித்த மிதியில் பம்ப் திணறியது. பெட்ரோல் போதாமல் என்ஜின் இருமிவிட்டு ஒரேயடியாகப் படுத்துவிட்டது. கூட்டம் கூடியது. தன்னைப் பார்க்கத்தான் என்று சைலன்சர் பூரித்துப்போனது. பிறகு ஒரு லாரி வந்து காரைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு மெதுவாகக் கிளம்பியது.

"பார்த்தியாடா! கால் தரையில படாம என்னை ஊர்வலமா தூக்கிட்டுப் போறாங்க!"

"ஊர்வலம்தாண்ணே," என்றது பம்ப். "சங்கு ஊதத்தான் ஆளைக் காணோம். அதையும் நீங்களே ஊதிடுங்க."