புயல் இல்லாத கடல்

மீன் கழுவிய கையை அவள் அப்படியே தண்ணீருக்குள் வைத்திருந்தாள்.

"நெசமாத்தாம்மா. அப்பா போன கடல்ல ஒரு மாசமா புயலே இல்லியாம். சயின்ஸ் டீச்சர் சொன்னாவ."

அன்சிலா பள்ளிக்கூடப் பையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

கணவன் கப்பலிலிருந்து பேசி இருபத்திரண்டு நாள். மெக்சிகோ பக்கம் சரக்கு ஏற்றப் போன கப்பல். பசிபிக்கில் புயல், அதனால்தான் தொடர்பு இல்லை என்றார் அவனை வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட். அதையே அவள் பிள்ளைகளிடம் சொல்லிவைத்தாள்.

நம்பியும் வைத்தாள்.

புயல் என்றால் என்றைக்காவது ஓய்ந்துதானே ஆக வேண்டும்.

தம்பிக்கு விளங்கவில்லை. அன்சிலா இரண்டு டம்ளர் எடுத்தாள். ஒன்றில் வெந்நீர், மற்றதில் பானைத் தண்ணீர்.

"இதுல ஆவி வருதா? இதான் புயலுக்குத் தீனி. கடல் சூடா இருந்தாத்தான் அது எந்திரிச்சுச் சுத்தும். இந்த டம்ளர்ல வருதா?"

"வரல."

"அங்க கடல் இப்ப இப்பிடித்தான் குளுந்து கெடக்கு. அதையும் மீறி ஒண்ணு தலையத் தூக்குதுன்னு வையி..."

வெந்நீரின் மேல் குறுக்காக ஊதினாள். ஆவி கலைந்தது.

"மேல அடிக்கிற காத்து இப்பிடி வெட்டி விட்ரும்."

அவனும் ஊதிப் பார்த்தான். சிரித்தான்.

"அப்ப அப்பாவுக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லலே. கடல் சும்மா குளம் மாதிரி கெடக்காம்."

குளம் மாதிரி.

அந்தக் குளத்தில் ஒரு கப்பல் இத்தனை நாள் ஏன் வாய் திறக்கவில்லை? பிள்ளைகள் இன்னும் அந்தக் கேள்விக்கு வரவில்லை.

வருவார்கள். சாப்பிடும்போது வரலாம். படுக்கும்போது வரலாம்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு செல்போனோடு கொல்லைப்பக்கம் போனாள்.

ஏஜென்ட் முதல் மணியிலேயே எடுத்தார். அவள் வாய் திறக்குமுன் ஆரம்பித்தார்.

"இன்னும் அடங்கலைம்மா. ரொம்பப் பெரிய புயல். கொஞ்சம் பொறுமையா இருங்க."

அவளுக்குச் சண்டை போட வரவில்லை. குரலும் உயரவில்லை.

"அவ்வளவு பெரிய புயல்னா பேரு வச்சிருப்பாவல்லா சார்? பிள்ள கேக்கா."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். 

பிறகு அவர், இல்லாத அந்தப் புயலுக்கு ஒரு பெயரைச் சொன்னார்.