அசையக்கூடாத பெஞ்சு

மூன்றாம் டிவிஷன் லீக்கில் முதல் நாலு மேட்சும் தோற்றிருந்தோம். ஐந்தாவதில் கடைசி ஜோடி ஆடிக்கொண்டிருந்தது. ஆறு ரன் வேண்டும். ஜோடி நிலைத்துவிட்டால் பெஞ்சில் யாரும் இடம் மாறக்கூடாது, மாறினால் விக்கெட் விழும் என்பது எங்கள் டீமில் எழுதாத சட்டம்.

மரத்தில் தொங்கிய பைக்குள், பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த செல்வினின் போன் அடித்தது. காலையில்தான் மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு வந்திருந்தான்.

"அசையாத," என்றார் கேப்டன் இருதயராஜ், பிட்ச்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூன்று தடவை அடித்து ஓய்ந்தது. அடுத்த பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் பறந்தது. செல்வினைத் தவிர பெஞ்சே காலியாகி மைதானத்துக்குள் ஓடியது. கேப்டன் மட்டும் பாதியில் திரும்பி வந்தார்.

"இப்ப போய் எடுப்பா."

போன் மறுபடி அடித்தது. "அங்க இன்னும் முடியலையேண்ணே," என்று செல்வின் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.