தூக்கிக்கொண்டு போனால்தான்

செழியன் எழுந்து நிற்க முயன்றான்.

வலது கால் ஊன்ற மறுத்தது. காலுறைக்குள் கணுக்கால் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

பால்பாண்டி சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தான். பந்து எப்போதோ உருண்டு போயிருந்தது. நடுவர் அவனுக்கு மஞ்சள் அட்டையைக் காட்டிவிட்டு, முதலுதவிப் பெட்டி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பால்பாண்டி காலை வீசியது பந்தை நோக்கி அல்ல என்பது நடுவருக்குத் தெரியாது. பந்தலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தவருக்குத் தெரியும்.

அவர் ராம்பிரசாத். போடியில் ஏலக்காய் வியாபாரம். பால்பாண்டி ஆடும் அணிக்குச் சட்டை முதல் சாப்பாடு வரை அவர் செலவுதான். அவருடைய கடையில் காய் சலிக்கும் வேலையும் அவர் கொடுத்ததுதான்.

இடைவேளையில் அவனைப் பந்தலுக்குப் பின்னால் அழைத்துப்போன அவர், தோளில் கிடந்த துண்டை எடுத்து இருவர் கைகளையும் மூடினார். மாட்டுச் சந்தையில் விலை பேசுகிறவர்களைப் போல, வாய் திறவாமல் அவன் விரல்களைப் பிடித்து அழுத்தினார்.

தொகை அவனுக்குப் புரிந்தது. மனைவி முத்துப்பிரியாவின் காலுக்குத் தகடு வைக்க மதுரையில் கேட்ட தொகையை ஏறக்குறைய எட்டியது அது.

ஏலத்தோட்டத்துச் சரிவில் காய் எடுக்கும்போது வழுக்கி விழுந்தவள். எலும்பு கோணலாகக் கூடிவிடுவதற்குள் வந்துவிடுங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

விலையை விரலால் சொன்னவர், நிபந்தனையை மட்டும் வாய்விட்டே சொன்னார்.

"அந்த ஒம்பதாம் நம்பர்க்காரன் நடந்து வெளிய போனா ஒண்ணும் கெடையாதுப்பா. தூக்கிக்கிட்டுப் போனாத்தான். சும்மா நொண்டுறவனுக்கெல்லாம் காசு குடுத்தா, அப்புறம் சொத்தைக் காய்க்கும்ல நான் வெலை போடணும்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

ஒன்பதாம் எண், செழியன். சென்ற ஆண்டு வரை இதே அணியில் பால்பாண்டியோடு ஆடியவன். குரங்கணியிலிருந்து மேலே தோட்டங்களுக்கு ஜீப்பு ஓட்டுகிறவன். முத்துப்பிரியா விழுந்த அன்று, அவளைப் பின்னால் கிடத்தி, ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தபடி மலையிறக்கிக் கொண்டுவந்தவன். வாடகை என்று பால்பாண்டி நீட்டியதை அவன் வாங்கவில்லை.

துண்டுக்கடியில் இருந்த கையைப் பால்பாண்டி உருவிக்கொள்ளவில்லை. முடியாது என்று சொல்லவும் இல்லை.

இப்போது செழியன் எப்படியோ எழுந்துவிட்டான். உதவிக்கு ஓடி வந்த தன் அணிக்காரர்களைக் கையால் தள்ளினான்.

"எவனும் தொடாதீங்கடா. நானே போறேன்."

ஒற்றைக் காலில் தத்தத் தொடங்கினான். ஒவ்வொரு தத்தலுக்கும் அவன் முகம் சுருங்கி விரிந்தது.

"ஏ மாப்ளே, கிளட்ச்சு போச்சா? தள்ளி விடவா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

பால்பாண்டிக்குச் சிரிப்பவர்கள் மீது கோபம் வந்தது. அதற்குத் தனக்கு என்ன அருகதை என்ற எண்ணம் உடனே வந்து அதை அடக்கிவிட்டது.

இவனுக்கு ஏன் இத்தனை வீம்பு? யாராவது ஒருவன் தோளில் கை போட்டுக்கொண்டு போனால் என்ன? தத்துகிற ஒவ்வொரு முறையும் உடைந்த இடம் இன்னும் விலகுமே. வீட்டில் கட்டிலோடு கிடக்கும் ஒருத்தியைப் பார்த்துப் பார்த்து, எலும்பைப் பற்றி அவனுக்கு அவ்வளவு தெரிந்திருந்தது.

எல்லைக்கோடு நெருங்கும்போது செழியனின் நல்ல காலும் மடங்கியது.

அவன் தரையைத் தொடுவதற்குள் பால்பாண்டி பாய்ந்து தாங்கிக்கொண்டான். யோசித்துச் செய்யவில்லை. ஒரு கை முதுகுக்கு, ஒரு கை முழங்கால்களுக்குக் கீழே. தன்னை அறியாமலே தூக்கியும்விட்டான்.

"கீழ விடு மாப்ளே," என்றான் செழியன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பேசாம இரு. காலு கெட்டுப்போகும்."

"விடுடான்றேன். நீ தூக்கிட்டுப் போனா மொதலாளி சொன்னது சரியாப் போயிரும்."

பால்பாண்டியின் நடை நின்றது.

இவனுக்குத் தெரிந்திருக்கிறது. விழுந்த நொடியிலேயே தெரிந்திருக்கிறது.

இறக்கிவிடலாம். இறக்கிவிட்டால் இவன் தவழ்ந்தாவது அந்தக் கோட்டைக் கடந்துவிடுவான்; கால் போய்விடும், மதுரையும் போய்விடும். பால்பாண்டி இறக்கிவிடவில்லை. அவனுடைய கைகள் இன்னும் இறுகின. இந்தக் காலுக்காக இறுகுகின்றனவா, வீட்டில் இருக்கும் அந்தக் காலுக்காகவா என்று அவனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நடந்தான்.

முதலில் ஒருவர் கைதட்டினார். பிறகு சிரித்தவர்கள் எல்லோருமே எழுந்து நின்று தட்டினார்கள். எதிரணி வீரரைத் தம் கரங்களிலேயே சுமந்து வரும் இந்தப் பண்பைத்தான் விளையாட்டு நமக்குக் கற்றுத் தருகிறது என்று ஒலிபெருக்கி சொன்னது.

செழியன் முகத்தைப் பால்பாண்டியின் மார்புப் பக்கம் திருப்பிக்கொண்டான். கோபம் வடிந்து, களைத்துப்போன குரலில் மெதுவாகச் சொன்னான்.

"போன வருசம் மொதலாளிக்காக அந்த ராசிங்காபுரத்துப் பயல நான் தூக்கிட்டுப் போனப்பவும் இப்பிடித்தான் மாப்ளே தட்டுனாங்க. அவன் இன்னும் நடக்கல."

பால்பாண்டி கோட்டைக் கடந்தான்.