இரண்டு நிமிடம் நாற்பது நொடி

"ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டு மூச்சு அடக்கணும் குருஜி. அதுக்கு எத்தனை நாள் ஆகும்?"

வகுப்பில் சேர்ந்த முதல் நாள் குஸும் பண்டாரி கேட்ட முதல் கேள்வியே இதுதான். அப்போது அவள் பாயைக்கூட விரித்திருக்கவில்லை.

ஹர்ஷ்மணி நௌடியாலுக்குச் சுருக்கென்றது. ரிஷிகேசத்தில் கங்கைக் கரையோரம் இருக்கும் அந்தச் சின்ன ஆசிரமத்தில் இருபத்தாறு வருடமாகப் பிராணாயாமம் சொல்லிக் கொடுக்கிறார். மன அமைதி தேடி வருவார்கள், தூக்கம் வராமல் வருவார்கள். நிமிடக் கணக்கோடு வருகிறவர்களைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகாது. மூன்று வருடம் முன்பு ஒருவன் நண்பர்களிடம் பந்தயம் கட்டிக்கொண்டு வந்து மூச்சை அடக்கினான். அவர் கண் முன்னாலேயே மயங்கி விழுந்தான்.

முதலில் ஒழுங்காக மூச்சு விடப் பழகுங்கள், அடக்குவதை அப்புறம் பார்க்கலாம் என்றார். அவள் மறுபேச்சுப் பேசாமல் பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பௌடி என்ற மலையூரில் தபால் அலுவலக வேலை. நாற்பத்தைந்து வயது. நான்கு மாத விடுப்பில் வந்திருந்தாள். அறைத் தோழிகளோடுகூட அதிகம் பேசுவதில்லை. வகுப்புக்கு மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. இழுப்பதும் விடுவதும் பிசகாமல் வந்த பிறகுதான் குருஜி அடக்கக் கற்றுக் கொடுத்தார். முதலில் இருபது நொடி தாங்கினாள். ஒரு மாதத்தில் ஒரு நிமிடத்தைத் தொட்டாள்.

உதவி ஆசிரியை யாமினி ஒரு நாள் அவரிடம் வந்து சொன்னாள். அந்த அக்கா தனியாக இருக்கும்போதெல்லாம் போனில் ஏதோ ஒரு வீடியோ பார்க்கிறாளாம். சத்தத்தை அடக்கி வைத்துக்கொண்டு அதே வீடியோவைத் திரும்பத் திரும்ப. எட்டிப் பார்த்தபோது ஆறும் கரையில் கூட்டமும் தெரிந்ததாம். தண்ணீருக்குள் முங்கி மூச்சடக்கிக் காட்டுகிற சாமியார் யாராவது இருக்கும் என்றாள்.

நௌடியாலுக்கு அது போதுமானதாக இருந்தது. மறுநாள் வகுப்பில் அவளைப் பார்க்காமலே சொன்னார்.

"சில பேர் மூச்சை அடக்க வர்றாங்க, ஆசையை அடக்க வர மாட்டேங்கிறாங்க. தண்ணிக்குள்ள தவளைகூடத்தான் மூச்சை அடக்குது. அதுக்காக அதை யோகின்னு சொல்லுவோமா?"

வகுப்பு சிரித்தது. குஸும் மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் சாப்பிட வரவில்லை என்று பிறகு யாமினி சொன்னாள். ரோஷம் வந்துவிட்டது போலிருக்கிறது, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் அடுத்த நாளும் அவள் முதல் ஆளாக வந்தாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவரிடம் வந்து நின்றாள்.

"ஒரு நிமிஷம் தாண்டினதும் நெஞ்சு போட்டு அடிச்சுக்குது குருஜி. அந்தத் தவிப்பு அப்புறம் அடங்கிடுமா?"

"மனசு சண்டை போடறத நிறுத்தினா அடங்கும். பழகினவங்களுக்கு அது தெரியவே தெரியாது."

"பழகாதவங்களுக்கு?"

"அவங்களைப் பத்தி உங்களுக்கு என்ன? நீங்கதான் பழகிக்கிட்டிருக்கீங்களே."

அவள் இன்னும் ஏதோ கேட்க வந்தவள் போல நின்றாள். பிறகு தலையசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான்காவது மாதத்தின் கடைசி வாரம். பனி விலகாத ஒரு காலையில் அவளே வந்து, இன்றைக்கு முழுசாக இருந்து பார்க்கிறேன், பக்கத்தில் இருங்கள் என்றாள். வேண்டாம் என்றால் அறையில் தனியாகச் செய்து பார்ப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. கையில் ஸ்டாப்வாட்சோடு எதிரே உட்கார்ந்தார். யாமினியையும் அருகில் இருக்கச் சொன்னார்.

ஒரு நிமிடம் வரை அவள் முகத்தில் சலனமே இல்லை. ஒன்றரையில் விரல்கள் பாயைப் பற்றின. இரண்டில் கழுத்து நரம்பு புடைத்தது, மூடிய இமைகளுக்குள்ளிருந்து கண்ணீர் இறங்கியது. போதும் என்று சொல்ல அவர் வாயெடுத்தபோது முகம் மெல்லத் தளர்ந்தது. பாயைப் பற்றிய விரல்களும் விட்டன.

"ரெண்டு நாப்பது" என்றார்.

அந்த நொடியே அவள் மூச்சை விட்டாள். பதற்றமில்லாத, நீளமான மூச்சு. இருபத்தாறு வருடத்தில் அப்படிக் கட்டுக்குள் இருந்த ஒரு மூச்சை அவர் நான்கைந்து பேரிடம்தான் பார்த்திருக்கிறார். கோபத்தை மீறி அவருக்குப் பெருமையாக இருந்தது.

அவள் எழுந்தாள். பாயைச் சுருட்டிக் கயிறு கட்டினாள். அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பத்தரை பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன் என்றாள்.

அவருக்குப் பழைய கோபம் திரும்பி வந்தது. "அப்ப இதுக்குத்தான் வந்தீங்களா பெஹன்ஜி? நினைச்ச கணக்கு வந்துடுச்சு, கிளம்பியாச்சு."

அவள் சுருட்டிய பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

"உங்களுக்குள்ள இன்னும் மூச்சு இருந்துச்சு. நான் பார்த்தேன். மூணு நிமிஷம் சுலபமா வந்திருக்கும். ஏன் விட்டுட்டீங்க?"

குஸும் வாசற்படியில் நின்றாள். வெளியே கங்கை இரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

"தண்ணிக்குள்ள என் பையனால அதுக்கு மேல முடியலையே, குருஜி."